பரவாயில்லைக்கு நான்கு

அலுவலகத்தில் அவரை எல்லோரும் கோடக்கா என்றார்கள். ஆளுக்கும் கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அளவுகோலைக் கையில் கொடுத்து நேராக ஒரு கோடு போடச் சொன்னால், அது பாதி வழியில் மனம் மாறி வேறு பக்கம் போய்விடும். மக்கள் சொல்கிற விடைகளுக்கு எண் போடுவதுதான் அவர் வேலை. அந்த எண்ணுக்கு அலுவலகத்தில் ‘கோடு’ என்று பெயர்; குறியீட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற ‘கோட்’ அங்கே அப்படி ஆகியிருந்தது. கல்யாணம் பேசிய சமயத்தில், பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டதற்கு, அப்பா கோடு போடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டார். மருமகள் எங்கோ சாலை நடுவில் வெள்ளைக் கோடு அடிக்கிறாள் என்றே மாமியார் ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் சேர்ந்த இடம் அரசு நிர்வாகத்தை ஆராய்கிற ஒரு நிறுவனம். அரசாங்க அலுவலகங்கள் மக்களை எப்படி நடத்துகின்றன, போன காரியம் முடிகிறதா, எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் விசாரித்து அறிக்கை எழுதுவார்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் பதினாறு நாடுகளில் இதேபோல் ஒவ்வொரு நிறுவனம் உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதினாறும் ஒரே கேள்வித்தாளை அவரவர் மொழியில் கேட்டு, முடிவுகளை ஒரே அட்டவணையில் அடுக்கும். யார் முதலிடம், யார் கடைசி என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். நிறுவனம் இருந்தது ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். முதல் மாடியில் பல் மருத்துவர். வழி தவறி மேலே வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைக் கீழே அனுப்பி வைப்பதும் கோடக்காவின் வேலையாகவே ஆகிவிட்டது.

மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அப்போது வயது இருபத்து மூன்று. முதல் சுற்று ஆய்வு அது. அந்த மூன்று மாதம் முப்பத்து நான்கு ஆண்டுகளாக முடியாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

களப் பணியாளர்கள் வீடு வீடாகவும் அலுவலக வாசல்களிலும் போய்க் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு: சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். ஐந்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டால் எந்த மனிதரும் எண்ணில் விடை சொல்வதில்லை. “ஏதோ செய்யறாங்க” என்பார்கள். “அவங்களும் என்ன பண்ணுவாங்க” என்பார்கள். ஒருவர், “உங்க மாமியார் வீடு மாதிரி இருக்கு” என்று சொல்லி, களப் பணியாளரும் அதை அப்படியே எழுதிக் கொண்டுவந்துவிட்டார். இந்தப் பேச்சையெல்லாம் படித்து, வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டத்தில் பச்சை மையால் ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண் போடுகிறவர் கோடக்கா. அந்த எண்தான் கணினிக்குப் போகும், கூட்டிக் கழிக்கப்படும், அமைச்சரகத்துக்குப் போகும். மாமியார் வீட்டுக்கு இரண்டு போட்டார். அவர் கல்யாணம் ஆனவர்.

எந்தச் சொல்லுக்கு என்ன எண் என்று ஒரு தடித்த நோட்டில் எழுதி வைத்திருந்தார். ‘மோசம்’ இரண்டு. ‘ரொம்ப மோசம்’ ஒன்று. ‘சுமார்’ மூன்று. ‘நல்லா செய்யறாங்க’ ஐந்து. நோட்டின் முதல் பக்கத்தில், முதல் வரியில், ‘பரவாயில்லை’ நான்கு.

அந்த நான்கு எப்படி வந்தது என்றால், அது அவர் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா வார்த்தையை அளந்து பேசுகிறவர். பாராட்டினால் பிள்ளைகள் தலையில் ஏறிவிடுவார்கள் என்று உறுதியாக நம்பியவர். வகுப்பில் முதலாவதாக வந்த மதிப்பெண் அட்டையைக் கொண்டுபோய் நீட்டினால், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “பரவால்லையே” என்பார். அவ்வளவுதான். அதற்காக மகள் வருடம் முழுக்கப் படிப்பாள். அந்த வீட்டில் வளர்ந்தவரிடம், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், அப்போதைய இயக்குநர் அவசரமாகப் படியிறங்கிக்கொண்டே, “பரவாயில்லைன்னு நிறையப் பேர் சொல்லியிருக்காங்களே, அதுக்கு என்ன போடலாம்?” என்று கேட்டார். நான்கு சார் என்று இவர் யோசிக்காமல் சொன்னார். ஐந்து சொல்லாததே அடக்கத்தால்தான். இயக்குநர் தலையாட்டிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டார். ஒரு நாட்டின் நிர்வாகத்தைப் பற்றிய முக்கியமான முடிவு ஒன்று படிக்கட்டில் எடுக்கப்பட்டது. பெரும்பாலான முடிவுகள் அப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

வேலையில் அவருக்கு ஒரு நேர்த்தி இருந்தது. பழைய கோப்பு அட்டை ஒன்றில் ஒரு விடை மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டி வைத்திருந்தார். முதல் கேள்வியின் விடையை ஒரு கட்டின் எல்லாப் படிவங்களிலும் பார்த்து முடித்த பிறகுதான் இரண்டாம் கேள்விக்குப் போவார். படிவத்தின் மீது அட்டையை வைத்தால் மற்ற விடைகள் மறைந்துவிடும். ஒரு விடையின் கோபம் இன்னொரு விடையின் எண்ணில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்த ஜன்னல் அட்டையைக் காட்டிப் பாடம் நடத்துவார்கள். வேறு நாட்டு நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கோடக்காவுக்கு உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அப்பாவின் மகள் அல்லவா.

இடையில் வாழ்க்கையும் நடந்தது. கணவர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுகிறவர். வீட்டில் ஒருவர் நேரத்தை எழுதினார், ஒருவர் எண்ணை எழுதினார், கடிதம் எழுதத்தான் ஆள் இல்லை என்று மகள் கேலி செய்வாள். மகளும் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனாள். நிறுவனத்தில் நான்கு இயக்குநர்கள் மாறினார்கள். இப்போதைய இயக்குநர் கோடக்காவைவிட எட்டு வயது இளையவர்; அக்கா என்றுதான் கூப்பிடுவார். புள்ளிவிவரம் பார்க்க ஒருவர் வந்து சேர்ந்தார். கோடு ஏற்கெனவே இருந்ததால் அவருக்குப் புள்ளி என்று பெயர் வந்துவிட்டது.

பன்னிரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. கோடக்கா ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு படிவங்கள் முடிந்ததும் புள்ளி ஒரு முதற்கட்ட அட்டவணை தயாரித்தார். உள்ளூர் அலுவலகச் சேவையில் மக்களின் திருப்தி என்ற தலைப்பில் பதினாறு நாடுகளில் மூன்றாம் இடம். இதுவரை கிடைத்ததிலேயே உயர்ந்த இடம் அது. இயக்குநர் வட்டார மாநாட்டில் பேசுவதற்கு உரை எழுதத் தொடங்கிவிட்டார். அட்டவணை நிர்வாகச் சீர்திருத்தத் துறைக்கும் போனது. அங்கிருந்து பத்தே நாளில் பதில் வந்தது. மக்கள் இவ்வளவு திருப்தியாக இருப்பதால், உள்ளூர் அலுவலகங்களில் இருக்கும் விண்ணப்ப உதவி முகப்புகள் இனித் தேவைப்படாது. இறுதி அறிக்கை இதை உறுதி செய்தால் இருநூற்றுப் பன்னிரண்டு முகப்புகளையும் மூடிவிடலாம். அட்டவணைக்கு நன்றி.

உதவி முகப்பு என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அலுவலக வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஆள். எழுதத் தெரியாதவர்களுக்கும், எழுதத் தெரிந்தும் அரசாங்கப் படிவம் புரியாதவர்களுக்கும் எழுதிக் கொடுப்பவர். கோடக்கா அந்தக் கடிதத்தைப் படித்தார், கோப்பில் வைத்தார், அடுத்த கட்டுப் படிவத்தை எடுத்தார்.

அந்த மாதம்தான் அண்ணனுடன் போக நேர்ந்தது. கோடக்காவின் அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். நாற்பது ஆண்டு ஒற்றெழுத்துகளைத் துரத்திப் பிடித்த கண் இரண்டும் இப்போது மங்கிவிட்டன. அரசு கண் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பதிய வேண்டும். பதிவதற்கு வசிப்பிடச் சான்று கேட்டார்கள். அவர் மகன் வீட்டுக்குக் குடி வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது, ஆனால் பழைய முகவரியிலேயே எல்லாத் தாளும் இருந்தன. சான்றுக்காக உள்ளூர் அலுவலகத்துக்கு ஆறு முறை போய்வந்துவிட்டார். மருத்துவர் சொல்லியிருந்தார்: பெயர் பதிவது தள்ளிப்போகப் போக இடது கண்ணைக் காப்பாற்றுவது கடினம். ஏழாவது முறை கூட யாராவது வந்தால் தேவலை என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார். அவர் அப்படியெல்லாம் கேட்கிறவர் இல்லை. கோடக்கா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முப்பத்து நான்கு ஆண்டு அந்த அலுவலகங்களைப் பற்றியே வேலை செய்தவர், உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தது அன்றைக்குத்தான் முதல் முறை. அவருடைய தாள்களையெல்லாம் கணவர்தான் பார்த்துக்கொள்வார். மூன்று சன்னல்கள், இரண்டு மூடியிருந்தன. திறந்திருந்த சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அண்ணனின் விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார். எது சரியில்லை என்று கேட்டதற்கு, எல்லாம் விதிப்படி இருக்க வேண்டும் என்றார். அடுத்தவர் என்று கூப்பிட்டார்.

வாசலில் உதவி முகப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். போன ஆறு தடவையும் அந்த நாற்காலி காலியாக இருந்ததாம். வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாளாம். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள். வீட்டுக்குப் பழைய கதவு எண் ஒன்று, புது எண் ஒன்று இருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றார் அண்ணன். புதியதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், பதிவேட்டில் இன்னும் பழையதுதான் இருக்கிறது, இரண்டையும் எழுத வேண்டும் என்றாள். எழுதியும் கொடுத்தாள். நான்கு நிமிடம் ஆனது. ஆறு நடை அந்த ஒரு எண்ணுக்காக நடந்திருக்கிறார். விண்ணப்பத்தோடு வைக்க ஒரு நகல் வேண்டும் என்று அவள் சொன்னதால், அண்ணனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கோடக்கா தெருமுனைக் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அண்ணன் பக்கத்தில் ஒரு பெண் குனிந்து நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தோளில் நிறுவனத்தின் பை. சுற்றுக்குச் சுற்று எடுத்துக்கொள்கிற தற்காலிகக் களப் பணியாளர். அவளுக்குக் கோடக்காவைத் தெரியாது. கோடக்காவுக்கு அவள் கையெழுத்து தெரியும், முகம் தெரியாது. பதினேழாம் கேள்வியை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்: இந்த அலுவலகத்தின் சேவை உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தியாக இருக்கிறது?

“பரவால்லம்மா,” என்றார் அண்ணன்.

அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டாள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு நன்றி சொல்லிப் போய்விட்டாள். கோடக்கா கையில் நகலோடு தூணோரம் நின்றிருந்தார். பிறகு விண்ணப்பத்தை நகலோடு சன்னலில் கொடுத்தார்; இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்கள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்து இரண்டு நிறுத்தம் போயிற்று. பிறகு கேட்டார்.

“ஏண்ணா அப்படிச் சொன்ன?”

“எப்படி?”

“ஆறு தடவை அலைய விட்டிருக்காங்க. கண்ணு போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். பரவால்லன்னு சொல்ற.”

“வேற என்ன சொல்லச் சொல்ற? அந்தப் பொண்ணு பாவம், காலையிலேர்ந்து நிக்கிறா. மோசம்னா ஏன் மோசம்னு கேப்பா. அதையெல்லாம் அவகிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?”

“பரவால்லன்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்.”

அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். முகம் சரியாகத் தெரியாது, ஆனாலும் திரும்பினார்.

“யார் சொன்னா?”

“அப்பா சொல்வாரே.”

“அப்பா சொன்னது ‘பரவால்லையே’. கடைசியில ஒரு ‘யே’ இருக்கு. அந்த ‘யே’ இருந்தா சந்தோஷம். அது இல்லன்னா, இனிமே உங்ககிட்ட கேக்க ஒண்ணும் இல்ல, விட்டுட்டேன்னு அர்த்தம். நாப்பது வருஷம் பிழை திருத்தியிருக்கேன், ஒரு எழுத்து போனா என்ன போகும்னு எனக்குத் தெரியாதா?”

அவர் சிரித்தார். கோடக்கா சிரிக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துக் கடைசி முந்நூறு படிவங்கள் மேசைக்கு வந்தன. படிவங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். கோடக்கா முதல் கேள்வியிலிருந்து வரிசையாக முடித்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் மதியம் பதினேழாம் கேள்விக்கு வந்தார். ஜன்னல் அட்டையை ஒவ்வொரு படிவத்தின் மீதும் வைத்து, சொல்லைப் பார்த்து, எண் போட்டு, கவிழ்த்து வைத்தார். பரவாயில்லை, நான்கு. சுமார், மூன்று. பரவாயில்லை, நான்கு. ஒரு படிவத்தில் அந்தக் களப் பணியாளரின் சாய்ந்த கையெழுத்து இருந்தது. பரவாயில்லை. பேனா கட்டத்துக்கு மேலே நின்றுவிட்டது.

அவர் அட்டையை எடுத்தார். முப்பத்து நான்கு ஆண்டில் பாதி வேலையில் அட்டையை எடுத்தது அதுதான் முதல் தடவை. ஆண், வயது அறுபத்தொன்று. எத்தனை முறை வந்தீர்கள்: ஏழு. எதற்காக: வசிப்பிடச் சான்று. வந்த காரியம் முடிந்ததா: இல்லை. இவ்வளவுக்கும் நடுவில் பதினேழாம் கேள்வி உட்கார்ந்திருந்தது, வலது ஓரத்தில் ஒரு வெற்றுக் கட்டத்தோடு. அவருடைய சொந்த அண்ணன், ஒரு கண்ணை இழந்துகொண்டிருக்கிறவர், திருப்தியடைந்த குடிமகன் என்ற கணக்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்கு முன் கவிழ்த்து வைத்த கட்டையும் திருப்பினார். அட்டை இல்லாமல் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு அலமாரியைத் திறந்து இந்தச் சுற்றின் பழைய கட்டுகளை எடுத்தார். நான்கு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. இரண்டாயிரத்து நானூறு பேரில் ஆயிரத்து அறுபத்திரண்டு பேர் பரவாயில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதில் எழுநூற்றுச் சொச்சம் பேர் நான்கு முறைக்கு மேல் நடந்தவர்கள். அறுநூற்றுப் பதினோரு பேருக்குக் காரியமே முடியவில்லை. ‘நல்லா செஞ்சாங்க’ என்றவர்களில் பெரும்பாலோர் ஒரே நடையில் வேலை முடிந்து போனவர்கள். எல்லாம் அதே தாளில்தான் இருந்தது. ஒரு சாண் மேலே, ஒரு சாண் கீழே. அட்டைதான் மறைத்திருந்தது. அட்டையை வெட்டியவர் அவர்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: அவர் உடனே எழுந்து இயக்குநர் அறைக்குப் போய்விடவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அறிக்கை போக இன்னும் பன்னிரண்டு நாள். ஓய்வு பெற ஏழு மாதம்கூட இல்லை. யாருக்கும் தெரியாது, தெரியப் போவதும் இல்லை. படிக்கட்டில் கேட்ட இயக்குநர் காலமாகிவிட்டார். சொன்னால் போவது இந்த ஒரு சுற்று மட்டும் அல்ல. பன்னிரண்டு சுற்றும் போகும். அந்த எண்களை வைத்து எழுதிய கட்டுரைகள், வாங்கிய பட்டங்கள், மாநாட்டு உரைகள், எல்லாம் போகும். அதைவிட, தான் வாழ்நாளில் செய்தது என்ன என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள இருந்த ஒன்றும் போகும். அது அவருக்கு வலித்தது. சொல்லாவிட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள் போகும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவரிடம் சொன்னார். கணவர் முழுக்கக் கேட்டார். வண்டி தாமதமாக வந்ததை நேரத்துக்கு வந்ததாக எழுதினால் அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் அட்டவணை போடுகிறவன் அதை நம்பி அடுத்த வண்டியை நிறுத்திவிடுவான் என்றார். பிறகு, ரசம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

மறுநாள் காலை கோடக்கா ஒரு கட்டுப் படிவத்தையும் தன் நோட்டையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். புள்ளியையும் கூப்பிட்டுக்கொண்டார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அண்ணனுக்காகச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தார்.

இயக்குநர் கெட்டவர் அல்ல. அவர் முகத்தில் மாநாட்டு உரை ஒவ்வொரு பத்தியாகச் செத்துக்கொண்டிருந்தது.

“அக்கா, பன்னிரண்டு சுற்றுலயும் நாலுதான் போட்டிருக்கோம். இப்ப மாத்தினா பழசெல்லாம் என்ன ஆகும்?”

“பழசும் தப்புதான் சார்.”

“இந்த விதி யார் போட்டதுன்னு யாருக்காவது தெரியுமா?”

“எனக்குத் தெரியும்.”

புள்ளி இதற்குள் கணக்கிட்டுப் பார்த்துவிட்டார். காரியம் முடியாமல் பரவாயில்லை என்றவர்களுக்கு இரண்டு போட்டால், மூன்றாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்க வேண்டும். இயக்குநர் சன்னல் பக்கம் போய் நின்றார். மற்ற நாடுகளிலும் இப்படி ஒரு சொல் இருக்காதா, நாம் மட்டும் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதினைந்து நாடுகளிலும் இப்படிக் கோடு போடுகிற குறியீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதுவது என்றும், பதில் வரும்வரை அறிக்கையை மூன்று வாரம் தள்ளிவைப்பது என்றும் முடிவாயிற்று.

பதினொரு நாடுகள் பதில் எழுதின. தன்னைப் போலவே ஒவ்வொரு கட்டடத்திலும் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் எண் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது கோடக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தீவு நாட்டுக்காரர் எழுதியிருந்தார்: எங்கள் மக்கள் இதைச் சொல்லமாட்டார்கள், தோளை அசைப்பார்கள், நாங்கள் அதைக் கருத்து இல்லை என்று விட்டுவிடுகிறோம். இன்னொரு நாட்டிலிருந்து வந்தது: அப்படி ஒரு சொல் உண்டு, மூன்று போடுகிறோம், ஏன் மூன்று என்று கேட்காதீர்கள், முன்பு இருந்த அம்மாள் போட்டது. இரண்டு நாட்டுக்காரர்கள், அந்தச் சொல் வந்தால் களப் பணியாளர் மறுபடியும் ஒரு முறை கேட்பார் என்று எழுதினார்கள். நான்கு போட்டது வேறு யாரும் இல்லை. இயக்குநர் கடைசிக் கடிதத்தையும் படித்து முடித்து, மேசை மேல் வைத்தார். சரி, மாற்றிவிடலாம் என்றார். அன்றைக்கு அவர்மேல் கோடக்காவுக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது.

அடிக்குறிப்பு எழுதும்போது மட்டும் ஒரு சிக்கல். இயக்குநர் எழுதிய வரைவில், குறியீட்டு முறையில் செய்யப்பட்ட மாற்றம் காரணமாக என்று இருந்தது.

“மாற்றம் இல்ல சார். தப்பு,” என்றார் கோடக்கா.

“தப்புன்னு போட்டா யார் தப்புன்னு கேப்பாங்கக்கா.”

“குறியீட்டாளர் தப்புன்னு போடுங்க. இருக்கறது நான் ஒருத்திதானே.”

இயக்குநர் பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே எழுதினார்.

அறிக்கை வெளிவந்தது. பன்னிரண்டாம் இடத்தைப் பற்றி இரண்டு நாள் செய்தித்தாள்களில் பேச்சு அடிபட்டது. நிர்வாகச் சீர்திருத்தத் துறையிலிருந்து ஒன்றரைப் பக்கக் கடிதம் வந்தது. அதில் ஒன்றேகால் பக்கம் வருத்தம். மிச்சம் இருந்த கால் பக்கத்தில், உதவி முகப்புகளை மூடும் யோசனை அடுத்த சுற்று வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இருந்தது. கோடக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறிக்கையின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். சான்று கிடைத்து, பெயர் பதிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. இடது கண்ணில் கட்டு. பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று கட்டைப் பிரித்தால்தான் தெரியும். அண்ணன் புத்தகத்தை வாங்கி அட்டையைத் தடவினார், தாளை விரலால் சுண்டிப் பார்த்தார், நல்ல தாள் என்றார். இதில் உன்னைப் பற்றி எங்கே வருகிறது என்று கேட்டார்.

நூற்று நாற்பத்தாறாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது. கோடக்கா படித்தார்: “முந்தைய சுற்றுகளில் ‘பரவாயில்லை’ என்னும் விடை, திருப்தி எனத் தவறாகக் கணக்கிடப்பட்டது. இது குறியீட்டாளரின் பிழை.”

அண்ணன் பக்கத்தின் அடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“முப்பத்துநாலு வருஷத்துல உன்னைப் பத்தி எழுதினது இது மட்டும்தானா?”

“இது மட்டும்தான்.”

“நன்றின்னு முன்னாடி ஒரு பக்கம் போடுவாங்களே, அதுல?”

“அதுல டிரைவர் வரைக்கும் இருக்கு. நான் இல்ல.”

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த வாசல் மேசை என்ன ஆயிற்று, அந்தப் பெண் இருக்கிறாளா என்று விசாரித்தார். இருக்கிறாள், அடுத்த மூன்று ஆண்டுக்கு ஒன்றையும் மூடமாட்டார்கள் என்றார் கோடக்கா.

“அதையும் படி.”

“அது இதுல இல்லண்ணா.”

“இல்லாட்டி என்ன. விட்டுப்போன வரிய நான் எத்தனை சேத்திருக்கேன். நீ படி.”

சொன்னதைச் சொன்னபடி என்று வாழ்ந்தவர் அவர். எழுதாத ஒன்றை எழுதியிருப்பதாக ஒரு நாளும் வாசித்ததில்லை. பக்கத்தை மூடாமல், கண்ணை அந்தப் பொடி எழுத்துகளின் மேலேயே வைத்துக்கொண்டு, அறிக்கையின் அதே நடையில் வாசித்தார்: “இதனால் இருநூற்றுப் பன்னிரண்டு உதவி முகப்புகளும் மூடப்படாமல் தொடர்கின்றன. இதற்குக் காரணம் குறியீட்டாளர்.”

கடைசிச் சொல்லில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் கையை நீட்டி, மேசையில் எங்கே இருக்கிறது என்று தடவித் தேடி, தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.